நான்காம் நிறம் இன்னும் காயவில்லை

சுவிஸில் எங்கள் கட்டடத்தில் அச்சுக்கார அண்ணை மூன்றாம் மாடி, நான் முதலாம் மாடி. எனக்குச் சொல்ல வேண்டியதை அவர் தபாலில்தான் சொன்னார். எம்மன்புரூக்கே ரயில் நிலையம் வரை நடந்துபோய் மஞ்சள் பெட்டியில் கடிதத்தைப் போடுவார். அது லூசேர்னுக்குப் போய், அங்கே படுத்தெழும்பி, மறுபடி எங்கள் வாசலுக்கே வந்து, அவருடைய தபால்பெட்டிக்கு ஒரு சாண் தள்ளியிருந்த என்னுடைய பெட்டிக்குள் விழும். இரண்டு மாடி இறங்க அந்தக் கடிதத்துக்கு நாலு நாள் எடுக்கும். விரைவுத் தபாலான ஏ-போஸ்ட் முத்திரையை அவர் தொடுவதேயில்லை.

"ஏ-போஸ்ட் போட்டா, நாங்கள் அவசரப்படுறம் எண்டு நினைப்பினம் தம்பி" என்பார்.

கடிதத்தில் நான் தம்பி இல்லை. "பெருமதிப்பிற்குரிய ஐயா" என்று தொடங்கும். "தங்கள் அழைப்பிதழின் நான்காம் நிறம் இன்னும் காயவில்லை என்பதைத் தாழ்மையுடன் அறியத் தருகிறோம். இவ்வாரம் முழுவதும் எம்மே ஆற்றின் மேல் நின்ற மூடுபனி தாங்கள் அறியாததல்ல. தங்கள் தாயாரின் முழங்கால் நோவு எவ்வாறுள்ளது?" என்று போகும். கீழே, வால் சுருட்டிய பெரிய கையொப்பம். எழுதுவது ஒருவர்தான் என்றாலும் எப்போதும் "நாங்கள்" என்றுதான் எழுதுவார். ஒரு பெரிய அச்சகமே, நூறு பேர் மையில் கை நனைத்தபடி, என் அம்மாவின் முழங்காலுக்காகக் கவலைப்பட்டு நிற்பதுபோல் இருக்கும்.

கடிதம் வந்த அன்றைக்குப் பின்னேரமே படிக்கட்டில் ஆளைச் சந்திப்பேன். கையில் பால்பெட்டியும் பாணும்.

"அண்ணை, கார்ட் என்ன மாதிரி?"

"கடிதம் போட்டிருக்கிறன். வரும்."

"வந்திட்டுது அண்ணை. காயேல்லையாம்."

"அப்ப விசயம் தெரியும்தானே" என்பார். பிறகு, சாப்பிட்டாச்சோ என்று கேட்டுக்கொண்டே ஏறிப்போவார். எழுதியதை வாயால் சொல்வது அவருக்கு ஒரு கூச்சம். எழுதியாயிற்றென்றால் அந்த விடயம் கடிதத்தின் பொறுப்பு.

அவருக்கு இந்தப் பழக்கத்தைத் தொற்றவைத்தவர் லண்டனில் இருந்த ஒரு வெள்ளைக்காரர். செத்து நூறு வருடம் இருக்கும். விக்டோரியா ராணி காலத்தில் மரக்கட்டையில் படம் செதுக்கி நிறநிறமாக அச்சடித்து விற்றவர். ஒரு நிறத்துக்கு ஒரு கட்டை. முதலில் கறுப்புக் கோடு, அதன்மேல் மஞ்சள், அதன்மேல் நீலம் என்று ஒரே தாள் திரும்பத் திரும்ப அச்சுப்பொறிக்குள் போய்வர வேண்டும். ஒவ்வொரு தடவையும் காய வேண்டும். ஒரு மயிரிழை விலகினாலும் படத்திலிருக்கும் பிள்ளையின் கன்னச் சிவப்பு காதில் போய் ஏறிவிடும்.

அண்ணை பகலில் வேலை செய்தது ஊரோரத்தில் இருந்த ஒரு சின்ன அச்சகத்தில். தாள் வெட்டுவது, உருளை கழுவுவது, கூட்டுவது. அந்த அச்சகத்தின் கிழட்டு முதலாளிக்கு, எல்லோரும் ஷெஃப் என்று கூப்பிடும் மனிதருக்கு, சோலோதுர்னில் ஒரு பழம்பொருள் கடையில் ஒரு பெட்டி அகப்பட்டிருந்தது. அதற்குள் அந்த லண்டன்காரர் வாடிக்கைக்காரர்களுக்கும் புத்தகக் கம்பனிக்காரர்களுக்கும் எழுதிய கடிதங்கள். ஷெஃப்புக்கு இங்கிலீஷ் சரிவராது. பழங்காலக் கையெழுத்து அறவே சரிவராது. ஒருநாள் கூட்டிக்கொண்டிருந்தவரை நிறுத்தி, "உங்கள் நாட்டையும் அந்த ராணிதானே ஆண்டாள். அப்படியென்றால் இது உனக்கு விளங்கும்" என்றாராம்.

அதிலிருந்த நியாயத்தை அண்ணை மறுக்கவில்லை. ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடைக் கந்தோரில் கடிதம் எழுதிய மனிதர். கூட்டுத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு, ஓம் என்றார்.

அதன்பின் சனிக்கிழமைகளில் ஷெஃப் வீட்டு விறாந்தையில் கோப்பியும் வால்நட் கேக்கும். இவர் இங்கிலீஷில் வாசித்து, அகதி முகாமில் படித்த ஜெர்மனில் சொல்வார். ஷெஃப் அதை நல்ல ஜெர்மனில் எழுதிக்கொள்வார். இந்த இரண்டு ஆறும் கலக்கும் இடத்தில் என்னென்ன மிதந்துவந்தது என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். அண்ணைக்கு ஒரு சங்கடம் இருந்தது. அந்த லண்டன்காரர் எடுத்தவுடன் விடயத்துக்கு வந்துவிடுவார். சுகம் விசாரிக்காமல் ஒரு கடிதத்தை வாசித்துக் காட்ட இவருக்கு மனம் வரவில்லை, மேல்சட்டை இல்லாமல் ஒரு மனிதனைச் சபைக்குக் கூட்டிப்போவதுபோல் இருந்ததாம். ஆகவே அங்கங்கே ஒரு வரி போட்டார். தங்கள் மனைவியின் இருமல் எப்படி? தங்கள் மூத்த மகளுக்கு ஏதாவது பொருந்தி வந்ததா?

ஷெஃப் எழுதி எழுதிக் கண் கலங்கினார். பிறகு ஊர் நூலகத்தில் ஒரு மாலை உரையாற்றினார். அச்சுத்தொழில் வரலாறு அறிந்த கனவான்கள் பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். அக்காலச் செதுக்குநர்களிலேயே இவர் ஒருவர்தான் வாடிக்கைக்காரரின் குடும்பத்தார் மேல் இவ்வளவு கரிசனை காட்டியவர் என்று ஷெஃப் நிறுவினார். ஒரு தாடிக்காரர் குறிப்பெடுத்தார். முன்வரிசையில் கோட் போட்டு அமர்ந்திருந்த அண்ணை தலையை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தார்.

வரும் வழியில் பஸ்ஸில், கூடப் போயிருந்த என்னிடம், "பாத்தியோ, அந்த மனுசன்ரை மனம். எத்தினை பேற்றை தாய்மாரை விசாரிச்சிருக்கிறான்" என்றார்.

"அது நீங்கள் போட்டதெல்லோ அண்ணை?"

யன்னலுக்கு வெளியே பார்த்தார். உருக்கு ஆலையின் புகை, பனிமலைக்குப் போட்டியாக இன்னொரு மலையைக் கட்டிக்கொண்டிருந்தது.

"நான் போட்டாலும், அவன்ரை வாயிலை வரவேண்டியதுதானே" என்றார்.

அவர் லண்டன்காரருக்குக் கொடுத்தது இது. எடுத்துக்கொண்டது வேறு. அந்தப் பெட்டியில் இருந்த கடிதங்களில் பெரும்பகுதி ஏன் பிந்துகிறது என்று விளக்குபவை. மூடுபனி. உறைபனியில் கட்டை வெடித்தது. வேலையாளுக்கு மஞ்சட்காமாலை. சிவப்பு மைக்கான பொடி கொண்டுவந்த கப்பல் துறைமுகத்தில் காத்துக் கிடக்கிறது. அச்சடிப்பதென்பது தொழிலின் சிறு பகுதி, பெரும்பகுதி இதுதான் என்று அண்ணை கண்டுகொண்டார். ஷெஃப் பாவிக்காமல் போட்டிருந்த ஒரு பழைய கைப்பொறியையும் பேரிமரக் கட்டைகளையும் வாங்கிவந்து, எங்கள் கட்டடத்துக்குக் கீழே அச்சுக்கூடம் தொடங்கினார். கலியாணம், பெண்பிள்ளை பெரியவளானால் வைக்கும் சாமத்தியவீடு, புதுவீட்டுக் குடிபூரல் எல்லாவற்றுக்கும் பலநிற அழைப்பிதழ்.

கீழே என்றால் நிலக்கீழ் பதுங்கறை. சுவிஸில் எந்தக் கட்டடத்துக்கும் அடியில் இருக்கும், குண்டுவீச்சுக்குப் பயந்து கட்டியது. அரை முழத் தடிப்புக் கொங்கிறீற் கதவு. இந்த நாட்டின் மீது ஒருவரும் குண்டு போடுவதில்லை, ஆகையால் சனம் அதற்குள் பனிச்சறுக்குக் கட்டைகளையும் உருளைக்கிழங்கையும் வைத்திருந்தது. எங்களை மெய்யாகவே குண்டு துரத்தியபோது நாங்கள் பனங்குற்றி அடுக்கி அதன்மேல் மண்ணைக் கொட்டிக்கொண்டு குந்தியிருந்தோம். அண்ணை அந்தக் கதவைத் தட்டிப் பார்த்துச் சொன்னார்: "இதுக்குள்ளை குண்டும் விழாது, தூசியும் விழாது. மை காய நல்ல இடம்."

மை காயவில்லை. அதுதான் கதை.

ஊஸ்டர் என்ற ஊரில் ஒரு தகப்பன், மகளின் சாமத்தியவீட்டுக்குக் கார்ட் அடிக்கக் கொடுத்திருந்தார். கடிதம் கிடைத்த சூட்டோடு எனக்கு ரெலிபோன் எடுத்தார்.

"தம்பி, நீர் அவற்றை கட்டடத்திலைதானே இருக்கிறீர். ஒரு விசயம் கேக்கவேணும். சுவிசிலை எங்கை கப்பல்?"

"ஏன் அண்ணை?"

"சிவப்பு மை வந்த கப்பல் துறைமுகத்திலை நிக்குதாம். இஞ்சை ஏரியிலை ஓடுற கப்பலிலை நான் போன கிழமையும் போனனான். ஐஸ்கிரீம்தான் வித்தாங்கள்."

அந்தக் கார்ட் வந்து சேர்ந்தபோது பிள்ளை பள்ளிக்கூடம் முடித்து, சிகை அலங்காரக் கடையொன்றில் தொழில் பழகச் சேர்ந்திருந்தாள். ஆனால் கார்ட்டைப் பார்த்தவர்கள் சொல்லட்டும். எட்டு நிறம். அதிலிருந்த மாம்பழத்தின் காம்பருகே ஒரு பச்சை, மூக்கருகே ஒரு மஞ்சள், இரண்டுக்கும் நடுவே பெயரில்லாத ஒரு வெளிச்சம். மற்ற வீடுகளுக்கு வந்த கார்ட்களில் ஒரே பிள்ளையார், ஒரே குத்துவிளக்கு, பொன்னெழுத்தில் இரு வீட்டார் பட்டங்களும் பதவிகளும். இவருடைய கார்ட்டை எவரும் எறியவில்லை. ஊஸ்டர்த் தகப்பன் அதைக் கண்ணாடி போட்டு வரவேற்பறையில் மாட்டிவைத்து, அதன் கீழே இருந்தபடிதான் வந்தவர்களிடம் அண்ணையைத் திட்டுவார்.

கேட்டுப்பார்த்தால் அவரிடம் பதில் இருந்தது. ஒருமுறை நான் பொறுக்கமாட்டாமல், "ஏன் அண்ணை இப்பிடிச் சனத்தைக் காக்கவைக்கிறியள்?" என்றேன்.

"தம்பி, நான் அகதியெண்டு கேட்டு எழுதிக் குடுத்தன். நாலு வருசம். உங்கள் விடயம் பரிசீலனையில் உள்ளது, தயவுசெய்து விசாரணைகளைத் தவிர்க்கவும் எண்டு அழகழகாக் கடிதம் போட்டாங்கள். நான் ஆருக்கேன் ரெலிபோன் எடுத்து ஏசினேனோ? இல்லையே. ஒரு கார்ட்டுக்கு ஏன் இந்தச் சனம் துள்ளுது?"

அண்ணைக்குக் கீழ்வீட்டுச் சுவிஸ் அம்மணி, நாங்கள் ஃபிராவ் என்போம், துள்ளினார். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியை. எங்கள் கட்டடத்தில் உடுப்புத் தோய்க்கும் அறைக்கு முறை இருந்தது. இன்ன நாள் இன்ன வீடு. மாறினால் யுத்தம். பதுங்கறையில் கொடி நிரம்பியதால் அண்ணை ஈரத் தாள்களைத் தோய்க்கும் அறைக் கொடியில் தொங்கவிட்டார். அது ஃபிராவின் நாள். அவர் அதே கொடியில் வெள்ளைக் கட்டில் விரிப்பைப் போட்டுவிட்டு, மதியம் வந்து எடுத்துப் பார்த்தால் அதன் நடுவே குலை தள்ளிய வாழைமரம் ஒன்று.

கதவைத் தட்டி மன்னிப்புக் கேட்கலாம். பதினைந்து அடி தூரம். அண்ணை எழுதினார். ஜெர்மனில், மாட்சிமை தங்கிய அம்மணி என்று தொடங்கி, வாழை எங்கள் சமயத்தில் மங்கலம் என்பதை விளக்கி, அது தேடிவந்து பதிந்த விரிப்பில் உறங்குபவருக்கு நன்மையே நடக்கும் என்று முடித்தார். எட்டாம் நாள் கடிதம் திரும்பி வந்தது. ஃபிராவ் அதிலிருந்த இலக்கணப் பிழைகளையெல்லாம் சிவப்புப் பேனையால் திருத்தி, கீழே ஆறுக்கு மூன்றரைப் புள்ளி போட்டிருந்தார்.

அண்ணை எனக்குக் காட்ட ஓடிவந்தார். நான் அவமானம் என்று நினைத்தேன். அவர் கடிதத்தை யன்னலருகே பிடித்தார்.

"இந்தச் சிவப்பைப் பார் தம்பி. ஒரு தயவுதாட்சணியம் இல்லாத சிவப்பு."

அதன்பின் அவரும் ஃபிராவும் வருடக்கணக்காக எழுதிக்கொண்டார்கள். படிக்கட்டில் கண்டால் ஒரு தலையசைப்பு மட்டும்.

வீட்டில் அக்கா, அவர் மனைவி, முதியோர் இல்லத்தில் வேலை செய்து, உண்மையில் குடும்பத்தை நடத்திக்கொண்டிருந்தார். "எனக்கும் ஒருக்கா எழுதினவர் தம்பி" என்று ஒருநாள் தேத்தண்ணீர் தந்தபடி சொன்னார். "கலியாண நாளை மறந்துபோனதுக்கு. பெருமதிப்பிற்குரிய அம்மணி எண்டு. ரெண்டு பக்கம். வாசிச்சு முடியிறதுக்குள்ளை அடுத்த கலியாண நாளும் வந்திட்டுது." பிற்காலத்தில் இருவரும் பிள்ளைகளோடு கனடா போனார்கள். நாங்கள் சுகமாக வந்து சேர்ந்தோம் என்று அவர் கடிதம் வந்தபோது, அங்கே போய் அவரைப் பார்த்துத் திரும்பியவர்கள் என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் நான் சொல்லவந்தது என் கார்ட்டைப் பற்றி.

அப்போது நான் ஓர் உணவகக் குசினியில் சட்டி கழுவுவதிலிருந்து சலாட் வெட்டுவதற்கு உயர்ந்திருந்தேன். சுகந்தியை எனக்குக் கலியாணம் பேசியிருந்தார்கள். அவள் யாழ்ப்பாணத்திலிருந்து ஒருமாதிரி வெளிக்கிட்டு, கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தாள். பொலிஸ் வந்து பதிவைப் பார்க்கும். லொட்ஜ்காரன் எப்ப போறியள் என்று கேட்பான். இரவில் எழுதிய கடிதங்களில் அவள் பயம் என்று எழுதமாட்டாள், கடல் நல்ல சத்தம் என்று எழுதுவாள். ஆவணியில் நாள் வைத்திருந்தோம். சோலோதுர்னில் மண்டபம் எடுத்தாயிற்று. அதற்கு முன் விசாக் கந்தோரில் அவளுக்கு நேர்முகம். கலியாணம் மெய்யான கலியாணம் என்று அவர்கள் நம்ப வேண்டும். அச்சடித்த கார்ட் இல்லாமல் போனால் நம்பமாட்டார்கள் என்பது எங்கள் சனத்தின் உறுதியான முடிவு. கார்ட் இல்லாமல் போய்த் திரும்பிய ஒருத்தியின் கதை ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு பெயரில் இருந்தது.

இந்த நிலையில் அண்ணையிடம் கொடுத்தேன் என்றால், சிரிக்கவேண்டாம், ஊஸ்டர் மாம்பழத்தை நான் பார்த்திருந்தேன். அவளைப்போல் ஒருத்திக்கு எட்டு நிறத்தில் குறைந்து எதையும் அனுப்ப மனமில்லை. மாரி முடிய முன்னரே கொடுத்தேன். அவளுடைய கொழும்பு விலாசம் எழுதிய உறையும் கொடுத்தேன், முடிந்த உடனே நேரே அனுப்பச் சொல்லி.

மணவறைக் கோலத்தில் எங்கள் இருவரையும் செதுக்கப்போவதாகச் சொன்னார். அவளுடைய படத்தை வாங்கி ஒரு கிழமை பார்த்தார். கூறைச் சேலைக்குச் சிவப்பு அகப்படவில்லை. கடைச் சிவப்பெல்லாம் தக்காளியாம். கடைசியில் ஃபிராவின் பேனைச் சிவப்புத்தான் என்று முடிவெடுத்தார். ஒப்பிட்டுப் பார்க்க அந்தச் சிவப்பு நிறைய வேண்டுமென்று, வேண்டுமென்றே வரிக்கு வரி பிழைவிட்டு அவருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். இரண்டரைப் புள்ளியோடு செக்கச்செவேலென்று திரும்பி வந்தது.

நேர்முகத்துக்கு இரண்டு கிழமைதான் இருந்தது. கொழும்புக்குத் தபால் போகப் பத்து நாள். நான் கீழே இறங்கினேன். கொங்கிறீற் கதவு திறந்திருந்தது.

கொடி முழுவதும் நாங்கள் தொங்கிக்கொண்டிருந்தோம். எட்டு நிறமும் முடிந்து. மாலை, தலைப்பாகை, அவளுடைய நெற்றிச்சுட்டி. அந்தச் சிவப்பு. காற்றே இல்லாத அந்த அறையில் இருநூறு சுகந்திகள் தலை குனிந்து நின்றார்கள்.

"காஞ்சிட்டுது" என்றார். முதல்தடவையாக வாயால்.

"எடுக்கட்டோ அண்ணை?"

"எடு. ஒண்டை எடு. ஓரத்திலை பிடி."

அப்போதுதான் அக்கா தேத்தண்ணீரோடு இறங்கிவந்தார். தட்டைப் பொறியின் மேல் வைத்துவிட்டு, கொடியை நிமிர்ந்து பார்த்தார். கொஞ்சநேரம் பார்த்தார்.

"இஞ்சேருங்கோ, இதென்ன, கலியாணம் முடிஞ்சுதோ?"

"என்னப்பா?"

"பொம்பிளை இடப்பக்கம் நிக்கிறா."

எங்கள் வழக்கத்தில் தாலி ஏறும்வரை பெண் மாப்பிள்ளைக்கு வலப்பக்கம். தாலி கட்டியதும் ஐயர் எழுப்பி இடப்பக்கம் இருத்துவார். அதன்பின்தான் அவள் மனைவி. கட்டையில் அண்ணை சுகந்தியை வலப்பக்கம் சரியாகத்தான் வெட்டியிருந்தார். ஆனால் கட்டையில் வலம் என்றால் தாளில் இடம். மாற்றி வெட்டவேண்டும். எழுத்தென்றால் அந்த நினைவு அவருக்குத் தானாக வரும். முகமென்றபடியால் மறந்துபோனார். எட்டு நிறம் ஏற்றிய இத்தனை மாதமும் அவர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது கட்டைகளை. கட்டைகளில் எல்லாம் ஒழுங்காக இருந்தது.

என் கையிலிருந்த தாளை மெதுவாக வாங்கினார்.

"புதுசா வெட்டவேணும்" என்றார்.

"எவ்வளவு நாள்?"

"கடிதம் போடுறன்."

"அண்ணை, அந்த விசாக் கந்தோர் வெள்ளைக்காரனுக்கு வலமென்ன இடமென்ன? இதிலை ஒண்டைத் தாங்கோ. ஒண்டே ஒண்டு."

"எட நீ என்ன கதைக்கிறாய்? கலியாணத்துக்கு முன்னம் ஒரு பொம்பிளைப் பிள்ளையை இடப்பக்கம் நிப்பாட்டி ஊருக்கு அனுப்பச் சொல்லுறியோ? உன்ரை மாமியார் பாத்தா என்ன நினைப்பா?"

"அவளை அங்கை லொட்ஜ்காரன் வெளியிலை நிப்பாட்டப்போறான் அண்ணை."

அக்கா அவரைப் பார்த்தார். "குடுங்கோவன் ஒண்டை. அந்தப் பிள்ளை பாவம்."

அவர் தாளை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் நிறைந்திருந்தது என்று சத்தியம் செய்வேன். தரவில்லை. "பிழையான ஒண்டு என்ரை கையாலை வெளியிலை போகாது தம்பி" என்றார். நான் கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன். சாத்தக்கூட முடியவில்லை, அரை முழத் தடிப்பு. கோபத்துக்கு ஏற்ற கதவில்லை அது.

அன்றைக்கு நான் வெள்ளைத்தாளில் என் கையாலேயே ஓர் அழைப்பிதழ் எழுதி, மேலே ஒரு பிள்ளையார் கீறி, ஆட்கள் ரெலிபோன் கதைக்கப் போகும் வெள்ளவத்தைக் கொமியூனிக்கேசன் கடைக்கு ஃபாக்ஸ் அனுப்பினேன். அங்கே போய் அது ஒரு கரிப்பட்டையாக விழுந்ததாம். பிள்ளையார் ஆட்டுக்குட்டி மாதிரி இருந்ததாம்.

அண்ணையோடு கதைப்பதை நிறுத்தினேன். அவர் தேத்தண்ணீரும் குடிக்காமல் அன்றைக்கே லூசேர்ன் பெரிய தபாற்கந்தோருக்குப் போனது எனக்குத் தெரியாது. வாழ்நாளில் முதன்முறையாக எக்ஸ்பிரஸ் முத்திரை ஒட்டினார் என்று அக்கா பிறகு சொன்னார். நான் கொடுத்த உறைக்குள் கார்ட்டுக்குப் பதில் ஒரு கடிதம்.

நேர்முகம் முடிந்த அன்று சுகந்தி அந்தக் கொமியூனிக்கேசன் கடையிலிருந்து கதைத்தாள். பின்னால் பஸ்ஸின் ஹோர்ன்.

"ஆர் அவர், எனக்கு இங்கிலீசிலை கடிதம் போட்டவர்?"

"என்ன எழுதினவர்?"

"நான் உங்கடை லோயர் எண்டு நினைச்சன். பெருமதிப்பிற்குரிய அம்மணி எண்டு துடங்குது. உங்கடை கலியாணம் இன்ன நாள் இன்ன மண்டபத்திலை நடக்கிறது எங்களுக்குத் தெரியும், கார்ட்டும் அடிச்சாச்சு, ஆனா எங்கடை தவறாலை உங்களை இடப்பக்கம் நிறுத்திப்போட்டம், தாலி ஏறும்வரை அந்த இடத்திலை உங்களுக்கு உரிமை இல்லை, ஆனபடியால் ஒரு பிரதியும் வெளியிலை விடமாட்டம் எண்டு. கடைசியிலை, கடற்காத்து உங்கடை உடம்புக்கு ஒத்துக்கொள்ளுதோ எண்டு கேட்டிருக்கிறார்."

"அதைக் கொண்டுபோய்க் குடுத்தனீரோ?"

"வேறை என்ன குடுக்கிறது? உங்கடை ஃபாக்ஸை விசாக்காரன் தலைகீழாப் பிடிச்சுப் பாத்தான். பேந்து கடிதத்தை வாசிச்சான். திரும்பவும் வாசிச்சான். இதென்ன வலம் இடம் எண்டு கேட்டான். நான் மேசையிலை இருந்த அவன்ரை தண்ணிக் கிளாசையும் பேனைக் கூட்டையும் எடுத்து வைச்சுக் காட்டினன். இது மாப்பிளை, இது நான். இப்ப இஞ்சை. தாலி கட்டினாப் பிறகு அங்கை. பிறகு நான் எழும்பமாட்டன் எண்டு."

"என்ன சொன்னான்?"

"சிரிச்சான். பாஸ்போட்டை வைச்சிட்டுப் போகச் சொன்னான். வைச்சா விசா எண்டு அர்த்தமாம்."

அவள் குரலுக்குப் பின்னால் கடல் கேட்டது. அல்லது பஸ்ஸாக இருக்கலாம்.

ஆவணியில் சோலோதுர்ன் மண்டபத்தில் கலியாணம் நடந்தது. எல்லோருக்கும் வாயாலேயே சொன்னோம், எல்லோரும் வந்தார்கள். அண்ணை கோட்டோடு முன்வரிசையில் அக்காவுக்கு வலப்பக்கம் இருந்தார். கார்ட் கொண்டுவரவில்லை. புதுக் கட்டையில் என் தலைப்பாகையின் அரைவாசிதான் முடிந்திருந்தது. தாலி ஏறியது. ஐயர் சுகந்தியை எழுப்பிச் சுற்றிவந்து என் இடப்பக்கம் இருத்தினார். தற்செயலாக நிமிர்ந்தேன். ஊரெல்லாம் எங்களுக்கு அரிசி போட்டுக்கொண்டிருக்க, அண்ணை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் நாள் வாசலில் ஒரு பார்சல் இருந்தது. மூன்றாம் மாடியிலிருந்து முதலாம் மாடிக்கு, லூசேர்ன் வழியாக, ஏ-போஸ்ட்டில். உள்ளே இருநூறு கார்ட். சுகந்தி தரையில் இருந்து ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். இருநூறிலும் அவள் என் இடப்பக்கம் நின்றாள்.

மேலே ஒரு கடிதம்.

"பெருமதிப்பிற்குரிய ஐயா, அம்மணி, இத்துடன் தங்கள் அழைப்பிதழ்கள். முன்னர் சுட்டிக்காட்டப்பட்ட குறை நேற்று முற்பகல் தானாகவே நீங்கிவிட்டதை எங்கள் கண்ணால் கண்டு உறுதிசெய்துள்ளோம். ஆகவே இதைத் தவறென்று கொள்ளவேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம். நாங்கள் சற்று முந்திவிட்டோம், அவ்வளவே."